இரவல் மூக்கு

விஸ்கியைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். குடிப்பவர்கள் எந்தக் காலத்திலும் இருந்தார்கள். குடித்ததை ருசி பார்த்து, வாசனை பிரித்து, மார்க்குப் போட்டு எழுதுகிறவர்கள்தாம் புதியவர்கள். அதிலும் ஸ்காட்லாந்தின் புகை மணக்கும் சிங்கிள் மால்ட் விஸ்கிகளைப் பற்றி எழுதுவதென்றால் அவர்களுக்குத் தனி உற்சாகம் வந்துவிடுகிறது. அந்தக் குறிப்புகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். எனக்கு ஏற்பட்ட அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: இவற்றில் பெரும்பாலானவை பொய். எழுதியவர் அந்த விஸ்கியைக் குடிக்கவில்லை என்று சொல்லவரவில்லை. குடித்திருப்பார், விலை கொடுத்து வாங்கியே குடித்திருப்பார். ஆனால் மோந்தது அவருடைய மூக்கல்ல. யாரோ ஒரு வெள்ளைக்காரர் தம் மூக்கால் மோந்து, தம் பாஷையில் எழுதி வைத்ததை இவர் இரவல் வாங்கி மாட்டிக்கொண்டிருக்கிறார்.

இந்தக் குறிப்புகளுக்கு ஓர் அச்சு இருக்கிறது. முதலில் ஹெதர் பூவின் தேன் வரும். பிறகு தார் பூசிய கப்பல் கயிறு, புகையிட்ட சால்மன் மீன், நனைந்த கம்பளி, கடற்பாசி, அயோடின். அப்புறம் நாக்கில் நீண்டு நிற்கும் ஒரு முடிவு. கடைசியில் நூற்றுக்கு இத்தனை என்று மார்க்கு. திருநெல்வேலியில் பிறந்து வளர்ந்து, ஹெதர் செடியைப் படத்தில்கூடச் சரியாகப் பார்த்திராத ஓர் ஆசாமிக்கு ஹெதர் தேனின் வாசனை எப்படித் தெரியும்? தெரியாது. தெரியாது என்பது குற்றமும் அல்ல. தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதுவதும், அதைப் படிக்கிற இன்னொருவர் தமக்கும் அது தெரிந்ததாகத் தலையாட்டுவதும், இருவரும் சேர்ந்து அதற்கு ரசனை என்று பெயர் வைத்துக்கொள்வதுந்தான் குற்றம்.

மதுவைப் பற்றி ஒரு கட்டுரையா என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. போதையைப் பற்றி இங்கே பேச்சில்லை. ஸ்காட்லாந்தில் விஸ்கியைக் கலந்து பக்குவம் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள், சரக்கில் தண்ணீர் விட்டு 20 சதவீத அளவுக்கு நீர்க்கவைத்து, மூக்கால் மட்டுமே மோந்து தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். பெரும்பாலும் ஒரு சொட்டுகூட உள்ளே போவதில்லை. அது மூக்கின் தொழில். கூடவே, மோந்ததைச் சொல்லாக்குகிற தொழில். சொல் சம்பந்தப்பட்ட எதுவும் எழுதுகிறவனுக்கு அந்நியமான சமாசாரம் அல்ல.

இன்னொன்றும் உண்டு. டாஸ்மாக் கடை வாசலில் நிற்கிறவன் குடிப்பதைச் சொல்ல நம்மிடம் வசைச் சொற்கள் ஏராளம். புட்டிக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறவன் குடிப்பதற்கு மட்டும் தேனும் பூவும் கடற்காற்றும் தேவைப்படுகின்றன. ஏழையின் குடிக்கு வசை, பணக்காரனின் குடிக்கு வர்ணனை என்று பாஷையை இரண்டாகப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறோம். இந்த ஜோடனை ரசனையில் அடங்குமா, அந்தஸ்தில் அடங்குமா என்பதை வாசகர்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

சரி, அந்தப் புகை என்ன, எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். ஜோடனைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை, சொன்னாலும் காவியமாக்கிவிடுகிறார்கள்.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் ஐலா என்று ஒரு தீவு இருக்கிறது. சுமார் 620 சதுர கிலோமீட்டர் பரப்பு, மூவாயிரத்துச் சொச்சம் ஜனங்கள். மழையும் காற்றும் அதிகம், மரங்கள் குறைவு. சதுப்பு நிலத்தில் பாசியும் புதரும் கோரையும் செத்து, தண்ணீரில் ஊறி, முழுவதும் மக்காமல், ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கறுத்த மண்ணாகக் கிடக்கின்றன. அதுதான் பீட். ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வளரும். ஒரு மீட்டர் ஆழம் வெட்டினால் சுமார் ஆயிரம் வருஷம் வெட்டியதாக அர்த்தம். விறகு கிடைக்காத ஜனங்கள் இதைச் செங்கல் மாதிரி வெட்டி, காற்றில் உலர்த்தி, அடுப்பெரித்தார்கள். வீட்டு அடுப்புக்கு எதுவோ அதுவே வடிசாலையின் சூளைக்கும் ஆயிற்று. பார்லியை ஊறவைத்து முளைகட்டி, முளை மேலும் வளர்ந்துவிடாமல் சூளையில் காயவைக்க வேண்டும். காய்கிற பார்லி ஈரமாக இருக்கிற வரையில் புகை அதில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய புகை மாவாகி, ஊறலாகி, செப்புக் கொப்பரை வழியாகச் சாராயத்துக்கும் வந்துவிட்டது.

இதில் யாரும் அழகியல் தேடவில்லை. எரிக்க வேறு இல்லை, எரித்தார்கள். ஸ்பே நதிப் பள்ளத்தாக்கில் 1860களில் ரயில் வந்தது. நிலக்கரியும் கோக்கும் வந்தன. அங்கே விஸ்கியிலிருந்து புகை மெல்ல மெல்ல விலகிற்று. தீவுக்கு ரயில் போகவில்லை, புகை நின்றுவிட்டது. இன்று உலகத்தின் கனவான்கள் கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்க்கும் மணம், விறகுக்கு வழியில்லாதவர்களுடைய அடுப்பின் மணம். இதைச் சொன்னால் புட்டியின் மதிப்புக் குறைந்துவிடுமோ என்று பயப்படுகிறார்கள் போலிருக்கிறது. எனக்கென்னவோ இதைச் சொன்னால்தான் மதிப்பு ஏறும் என்று படுகிறது.

புகைக்குள் இருக்கும் சரக்கையும் ரஸாயன சாஸ்திரம் பிரித்து வைத்திருக்கிறது. பீனால், கிரெசால், குவாயகால் என்று ஒரு குடும்பம். குவாயகால் விறகுப் புகையிலும் உண்டு. புகை மணம் என்று நாம் சொல்வதற்குப் பெரிய காரணம் அது. மருந்து நெடிக்குக் காரணம் பீனாலும் கிரெசாலும். பீனாலுக்குப் பழைய பெயர் கார்பாலிக் அமிலம். ஜோசஃப் லிஸ்டர் 1865ல் கிளாஸ்கோ ஆஸ்பத்திரியில் எலும்பு முறிந்த ஒரு பையனின் காயத்துக்கு இதைத்தான் போட்டார். காயம் சீழ் பிடிக்காமல் ஆறிற்று. அதன் பிறகு ஆஸ்பத்திரிகள் எல்லாம் கார்பாலிக் மணக்கத் தொடங்கின. ஆகவே, ஐலா விஸ்கியில் ஆஸ்பத்திரி வாசனை வருகிறது என்று ஓர் ஆங்கிலேயர் எழுதினால் அது வெறும் உவமை இல்லை. கோப்பையில் இருப்பதும் ஆஸ்பத்திரித் தரையில் இருந்ததும் ஒரே வம்சம். அவர் தம் மூக்கை நம்பி எழுதினார். சாஸ்திரமும் அவர் பக்கம் பேசுகிறது.

அதே வம்சம் நம் வீட்டிலும் இருக்கிறது. அதற்குப் பெயர் பினாயில். தண்ணீரில் விட்டால் வெள்ளையாகத் திரிகிற அந்தக் கறுப்புப் பினாயில் தார் எண்ணெயிலிருந்து எடுத்த கிரெசால் வகைகளைக் கொண்டு செய்தது. சர்க்கார் ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்த எந்தத் தமிழனுக்கும், லஃப்ராய்க் விஸ்கிக் கோப்பையை மூக்கருகே கொண்டுபோன மாத்திரத்தில் வரவேண்டிய முதல் சொல் பினாயில். ஆனால் நம்முடைய ருசிக் குறிப்புகளில் இந்தச் சொல்லைக் காண்பது அபூர்வம். அயோடின் இருக்கும், கட்டுத்துணி இருக்கும், கடலோரத்து மருந்தகம்கூட இருக்கும். ஏன்? இங்கிலீஷ் குறிப்பில் பினாயில் இல்லை. அதோடு, பினாயில் கக்கூஸுக்கு ஊற்றுவது. பல ஆயிரம் ரூபாய்ச் சரக்கில் அதன் வாசனை அடிக்கிறது என்று எழுத வெட்கம். உண்மையான சொல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கையில், வெட்கத்தால் அதை விட்டுவிட்டுத் தெரியாத சொல்லை எடுத்துப் போடுவதைத்தான் நான் பொய் என்கிறேன்.

உவமையே கூடாதென்று சொல்லவில்லை. உவமைக்கு உறவு வேண்டும். அமெரிக்காவில் போர்பன் சாராயத்துக்குப் புதுப் பீப்பாய்தான் உபயோகிக்க வேண்டும் என்று சட்டம். ஒரு முறை உபயோகித்த பீப்பாய்கள் ஸ்காட்லாந்துக்கு வந்துசேர்கின்றன. அந்த ஓக் மரத்தில் தேங்காய் மணத்துக்குக் காரணமான ஒரு பொருள் இயல்பாகவே இருக்கிறது. மரத்தைச் சுட்டுக் கருக்கும்போது வெனிலா மணத்துக்குரிய வனிலினும் பிறக்கிறது. ஆகவே விஸ்கியில் தேங்காய் என்று ஒருவர் எழுதினால் அவரை நான் நம்புவேன். அவர் மூக்கு மரத்தைத் தொட்டிருக்கிறது.

கடற்காற்று சமாசாரம் வேறு. தீவின் பீப்பாய்க் கிடங்கில் வருஷக்கணக்காகக் கடற்காற்று புகுந்து புகுந்து உப்பை உள்ளே ஏற்றிவிட்டது என்று ஒரு கதை உலாவுகிறது. ஐலாவின் பெரிய வடிசாலைகளில் ஒன்று கவோல் ஈலா. அங்கே வடித்த சாராயத்தைத் தொட்டி வண்டிகளில் ஏற்றி, கப்பலில் கடத்தி, ஸ்காட்லாந்துப் பெருநிலத்தில் கொண்டுபோய்ப் பீப்பாயில் ஊறப்போடுவது வழக்கம். அந்த விஸ்கியைக் குடித்துவிட்டு, கிடங்குச் சுவரில் அலை மோதுவதை நாக்கில் கேட்டதாக எழுதுகிறவரை என்ன செய்வது? கடல் மாதிரி ஏதோ மணக்கிறது என்று எழுதட்டும், ஆட்சேபணை இல்லை. புகைக்கும் மீனுக்கும் கரைக்கும் நம் நினைவில் சம்பந்தம் உண்டு. காற்று வந்து பீப்பாய்க்குள் உட்கார்ந்ததாக எழுதுவது விளம்பரக்காரனின் வேலை. அதற்கு அவனுக்குச் சம்பளம் உண்டு. இவர் அதைச் சும்மா செய்கிறார்.

சொல்லில் இத்தனை பொய் என்றால், எண்ணில் வேறு வகைப் பொய். பீட் புகைக்கு ஓர் அளவு வைத்திருக்கிறார்கள்: பத்து லட்சத்தில் எத்தனை பங்கு பீனால் என்று. லாகவூலினுக்குச் சுமார் 35, ஆர்ட்பெக்குக்குச் சுமார் 55. புருக்லாடி வடிசாலை 2017ல் வெளியிட்ட ஆக்டோமோர் 8.3 என்ற சரக்குக்கு 309. நம் ஆசாமிகள் இந்த எண்களை மல்யுத்த வீரனின் எடையைப் போல ஒப்பிக்கிறார்கள். 309 குடித்தவர் 35 குடித்தவரைப் பார்த்து மீசையை முறுக்குகிறார்.

அந்த எண் பார்லியில் எடுத்த அளவு, விஸ்கியில் எடுத்ததன்று. பார்லியில் ஏறிய பீனாலில் பெரும்பகுதி கோப்பைக்கு வந்து சேருவதே இல்லை. சக்கையில் கொஞ்சம் தங்கும். கொப்பரையில் கொஞ்சம் நிற்கும். வடிகிற சாராயத்தின் தலைப்பகுதியையும் வால்பகுதியையும் ஒதுக்கி நடுப்பகுதியைத்தான் பிடித்து வைப்பார்கள். புகைச் சரக்கோ பின்னால் வருகிற பகுதியில்தான் அதிகம் இறங்கும். எந்த இடத்தில் நிறுத்துகிறோம் என்பதில் எல்லாம் மாறிவிடும். லாகவூலினுக்கும் கவோல் ஈலாவுக்கும் மால்ட் வருவது ஒரே இடத்திலிருந்து, போர்ட் எல்லன் ஊரின் மால்ட் ஆலையிலிருந்து. பீட் அளவும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் இரண்டையும் அருகருகே வைத்து மோந்து பாருங்கள். ஒன்று கனத்துக் கவிகிறது. மற்றொன்று மெலிந்து, சுத்தமாக, எலுமிச்சைக் கூர்மையோடு வருகிறது. கொப்பரையின் வடிவம், அதை எவ்வளவு நிரப்புகிறார்கள், எவ்வளவு நிதானமாக வடிக்கிறார்கள், எங்கே வெட்டுகிறார்கள் என்பவை எல்லாம் மனிதன் கை செய்கிற காரியங்கள். எண்ணில் அந்தக் கை தெரியாது. ஆக்டோமோரை வடிக்கிற கொப்பரைகளோ உயரமானவை, கழுத்து ஒடுங்கியவை. 309 என்ற எண் மிரட்டுகிற அளவுக்குக் கோப்பை மிரட்டுவதில்லை.

வயசும் அப்படியே. பழசு என்றால் உயர்வு என்பது வியாபாரிக்குச் சௌகரியமான நம்பிக்கை. பீப்பாயில் கிடக்கக் கிடக்கப் புகை தணிந்துகொண்டே போகும். புகைக்காகவே ஐலா விஸ்கியைத் தேடுகிறவருக்குப் பத்து வருஷச் சரக்கு முப்பது வருஷச் சரக்கைவிட உகந்ததாக இருக்கக்கூடும். விலைச்சீட்டு இதைச் சொல்லாது, நாக்கு சொல்லும். சொல்வதைக் கேட்க நாக்கின் சொந்தக்காரருக்குத் தைரியம் வேண்டும்.

நிறமும் ஏமாற்றும். ஸ்காட்லாந்து விஸ்கிக்கான 2009ஆம் வருஷத்துச் சட்டம், தண்ணீரையும் சாதாரணக் காரமெல் சாயத்தையும் சேர்த்துக்கொள்ள அனுமதிக்கிறது. கருக்கிய சர்க்கரைச் சாயம் போட்டுக் கறுத்துத் தெரிகிற சரக்கைக் கண்டதும் நம் ஆசாமியின் பேனாவில் உலர்ந்த திராட்சையும் கறுப்புச் சாக்லேட்டும் ஊற ஆரம்பித்துவிடும். இதை நான் கேலிக்காகச் சொல்லவில்லை. பிரான்ஸில் பூர்தோ நகரத்து ஆராய்ச்சியாளர்கள் ஒரு பரிசோதனையின் முடிவை 2001ல் வெளியிட்டார்கள். திராட்சை மது சாஸ்திரம் படிக்கும் 54 மாணவர்களிடம் வெள்ளை மதுவில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். மாணவர்கள் அதை வர்ணிக்கச் சிவப்பு மதுவுக்கு வழங்கும் சொற்களையே உபயோகித்தார்கள். அதற்கென்றே படிக்கிறவர்கள் அவர்கள். கண் சொன்னதை மூக்கு திருப்பிச் சொல்லிற்று. கண்ணுக்கே மூக்கு இவ்வளவு அடிமையென்றால், ஏற்கெனவே படித்து வைத்த குறிப்புக்கு எவ்வளவு அடிமையாக இருக்கும்!

இதற்கெல்லாம் ஆரம்பம் நல்ல எண்ணந்தான் என்பதையும் சொல்ல வேண்டும். 1979ல் ஸ்காட்லாந்தில் விஸ்கி ஆராய்ச்சியாளர்கள் மணங்களையும் ருசிகளையும் ஒரு சக்கரத்தில் வகைப்படுத்தினார்கள். ஒரு வடிசாலையில் ஒருவர் சொல்கிற சொல்லை இன்னொரு வடிசாலையில் இருக்கிறவர் அதே அர்த்தத்தில் புரிந்துகொள்ள வேண்டும். கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். தச்சனுடைய முழக்கோல் மாதிரி அது ஒரு வேலைச் சாமான். மைக்கேல் ஜாக்ஸன் என்ற ஆங்கிலேய எழுத்தாளர் 1989ல் மால்ட் விஸ்கிகளுக்கு ஒரு கைநூல் எழுதி, நூற்றுக்கு இத்தனை என்று மார்க்குப் போட்டார். அவர் வடிசாலைகளைத் தேடிப் போய், மோந்து, விசாரித்து எழுதியவர். அவருடைய சொற்களுக்குப் பின்னால் நடந்த கால்கள் இருந்தன. பின்னால் வந்தவர்கள் காலை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். முழக்கோலைத் தோளில் சாத்திக்கொண்டு வீதியில் உலாப் போகிறவனை யாரும் தச்சன் என்று சொல்ல மாட்டார்கள்.

இங்கே ஒருவர் குறுக்கிடலாம். "வாசனையைச் சொல்ல எந்தப் பாஷையிலும் சொல் கிடையாதே, ஏதாவது ஒன்றைப் போலிருக்கிறது என்றுதானே சொல்ல முடியும்? அந்த ஏதாவது ஒன்று ஹெதராக இருந்தால் என்ன?" என்று கேட்கலாம். இங்கிலீஷ்காரர் இப்படிக் கேட்டால் நியாயம். அவர் பாஷையில் அந்தச் சொற்கள் கம்மி. மலாய்த் தீபகற்பத்துக் காடுகளில் ஜஹாய் என்ற ஜனங்கள் இருக்கிறார்கள். அவர்கள் பாஷையைப் பற்றி 2014ல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. நிறத்தை எவ்வளவு சுலபமாகப் பெயர் சொல்கிறார்களோ அவ்வளவு சுலபமாக வாசனையையும் அவர்கள் பெயர் சொல்கிறார்கள். பெட்ரோலுக்கும் புகைக்கும் வௌவால் எச்சத்துக்கும் பொதுவாக மூக்கைக் குத்துகிற அந்தக் குணத்துக்கு அவர்களிடம் தனியாக ஒரே சொல் இருக்கிறது.

இதைப் படித்ததும் தமிழனுக்கு ஆச்சரியம் வரக்கூடாது. அந்தச் சொல் நம்மிடமும் இருக்கிறது: நெடி. மிளகாய் நெடி, மண்ணெண்ணெய் நெடி, பினாயில் நெடி. எதைப் போலவும் என்று சொல்லாமல், குணத்தையே சொல்கிற சொல். அது ஒன்றுதானா? தொண்டையைப் பிடிக்கிற புகைக்குக் கமறல். அடிப்பிடித்ததற்குக் காந்தல். பச்சை மீனுக்குக் கவிச்சி. மாமிசத்துக்கு முடை. பழைய எண்ணெய்க்குக் காறல். ஈரத்தில் கிடந்த இலைக்கு மக்கல். கெட்ட சோற்றுக்கு ஊசல். வாயை இறுக்கிப் பிடிக்கும் ருசிக்குத் துவர்ப்பு. அந்தக் கடைசிச் சொல்லுக்கு நம் பாட்டிமார் அறுசுவையில் ஒரு நாற்காலியே போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.  பீட் புகை விஸ்கியை வர்ணிப்பதற்கென்றே செய்தாற்போல இப்படி ஒரு சொற்பெட்டி வீட்டில் இருக்கிறது. அதைப் பூட்டி வைத்துவிட்டு, ஸ்காட்லாந்துப் புதரையும் ஆட்டு ரோமத்தையும் இறக்குமதி செய்கிறோம்.

பிறரைக் குறை சொல்கிறவன் தானும் செய்து காட்ட வேண்டும் அல்லவா? பத்து வருஷத்து லஃப்ராய்க் ஒரு கோப்பை. மூக்கில் முதலில் பினாயில் நெடி. அது பழகின பிறகு அடியில் லேசாகத் தேங்காயும் வெனிலாவும். பீப்பாய் அமெரிக்காவிலிருந்து வந்தது. வாயில் முளைகட்டிய தானியத்தின் இனிப்பு முந்திக்கொள்கிறது. அதன் பின்னால் அணைந்த அடுப்பின் சாம்பல். விழுங்கிய பிறகு கமறல், அதற்கப்புறம் துவர்ப்பு. பதினாறு வருஷத்து லாகவூலின்: நெடி குறைவு, மழையில் நனைந்த விறகு மெல்லப் பற்றும்போது சூழ்கிற கனத்த புகை, வாயில் கருப்பட்டி காய்ச்சும்போது வருகிற காந்தல் கலந்த தித்திப்பு. பத்து வருஷத்து ஆர்ட்பெக்: சாலையில் தார் காய்ச்சுகிற இடம், பக்கத்திலேயே எலுமிச்சைத் தோல். காரமும் அதிகம், 46 சதவீதம். இவ்வளவுதான். தார் அந்தப் பீனால் வம்சத்தின் நேர்வாரிசு, சாம்பலும் விறகுப் புகையும் உறவு. மற்றவற்றில் நான் மோந்தது தவறாக இருந்தால், படிக்கிறவர் மோந்து பார்த்து இல்லை என்று என்னோடு சண்டை போடலாம். சண்டை போட முடிகிறதே, அதுதான் முக்கியம். ஹெதர் தேனோடு யார் சண்டை போட முடியும்?

தண்ணீர் கலக்கக் கூடாது என்று ஒரு மடி ஆசாரம் வேறு கிளம்பியிருக்கிறது. ஸ்வீடன் தேசத்து ஆராய்ச்சியாளர்கள் இருவர் 2017ல் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். விஸ்கியை நீர்க்கவைக்கும்போது குவாயகால் திரவத்தின் மேல்பரப்புக்கு வந்து நிற்கிறது. மூக்குக்கு அது இன்னும் சுலபமாக எட்டலாம். தண்ணீரே கூடாது என்று சொல்கிறவர்கள், புகையைக் கொண்டாடிக்கொண்டே புகைக்குக் கதவைச் சாத்துகிறார்கள்.

"ரசனை அவரவர் சொந்த விஷயம். ஒருவர் தமக்குத் தோன்றியதை எழுதிவிட்டுப் போகட்டுமே, உமக்கென்ன?" என்று இன்னொருவர் கேட்பார். தமக்குத் தோன்றியதை எழுதினால் நான் வாயைத் திறக்க மாட்டேன். பிறருக்குத் தோன்றியதை எழுதுகிறார் என்பதுதான் என் புகார். சுதந்திரத்தின் பெயரால் அடிமைத்தனத்துக்கு வக்காலத்து வாங்கக் கூடாது.

"அந்நிய தேசத்துச் சரக்குக்கு அந்நியச் சொல்தானே பொருத்தம்?" என்பது அடுத்த கேள்வி. பொருளின் பெயர் அந்நியமாக இருக்கட்டும். பீட்டைப் பீட் என்றே எழுதியிருக்கிறேன். அதற்கு ஒரு தனித்தமிழ்ப் பெயர் சூட்டிப் படிக்கிறவரைத் திண்டாட வைக்கவில்லை. ஆனால் அனுபவம் என்னுடையது. நினைவும் என்னுடையது. மூக்கு வழியாக வருகிற எதுவும் என் நினைவில் ஏற்கெனவே இருக்கிறவற்றோடு சேர்ந்துதான் அர்த்தமாகும். அந்த நினைவைத் தள்ளிவிட்டு இன்னொருவர் நினைவை வைத்து எழுதினால், ருசி பார்த்ததாக எழுதலாம், ருசி பார்த்ததாகாது.

குடிக்கிற ஒரு பொருளுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று நினைக்கிறவர்களுக்காக இதையும் சொல்கிறேன். 2022ல் இந்தியாவுக்கு வந்த ஸ்காட்ச் விஸ்கி சுமார் 21.9 கோடிப் புட்டிகளுக்குச் சமம். அளவில் பிரான்ஸையும் முந்தி உலகத்திலேயே முதலிடம். அதில் பெரும்பகுதி கலப்பு விஸ்கிதான். 2025 ஜூலையில் பிரிட்டனோடு கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி 150 சதவீத இறக்குமதி வரி முதலில் 75 ஆகவும், பத்து வருஷத்தில் 40 ஆகவும் இறங்க வேண்டும். சிங்கிள் மால்ட்டை நோக்கி இன்னும் பல பேர் கை நீட்டுவார்கள். விலை கொடுப்பவன் எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்துகொள்ள விரும்புவான். அவனுக்கு வழி காட்ட வேண்டிய எழுத்து, புட்டியின் முதுகில் ஒட்டிய சீட்டைத் தமிழில் பெயர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தால், அவன் சாராயத்துக்கு ஒரு பங்கும் சொல்லுக்கு மூன்று பங்கும் கொடுப்பான். கொடுத்துவிட்டு, தன் நாக்குக்கு அது பிடிக்கவில்லை என்றாலும் வெளியே சொல்லக் கூசுவான். தன் நாக்கில்தான் கோளாறு என்று நினைத்துக்கொள்வான்.

இது விஸ்கியோடு நிற்கிற வியாதியும் அல்ல. நாவல்களுக்கு எழுதுகிற மதிப்புரைகளில் இதே வியாதியைப் பார்த்து அலுத்தவன் நான். படித்த புத்தகத்தைப் பற்றித் தனக்கு என்ன தோன்றிற்று என்று சொல்லத் தெரியாதவர், மேல்நாட்டு விமரிசகர் ஒருவருடைய பதங்களை வரிசையாக அடுக்குகிறார். நாக்கில் ஆரம்பிக்கிற பொய் அங்கேயே தங்கிவிடுவதில்லை. தான் மோந்ததைத் தன் சொல்லில் சொல்லப் பயப்படுகிறவன், தான் பார்த்ததையும் நினைத்ததையும் சொல்லும்போது மட்டும் தைரியசாலியாக மாறிவிடுவான் என்று எனக்கு நம்பிக்கையில்லை.

ஒரு ருசிக் குறிப்பு செய்ய வேண்டியது அதிகமில்லை. எந்த வடிசாலை, எத்தனை வருஷம், என்ன பீப்பாய், எத்தனை சதவீதம், சாயம் உண்டா இல்லையா, தண்ணீர் விட்டதும் என்ன ஆயிற்று என்று சொல்லட்டும். மோந்ததில் மூன்று, ருசித்ததில் மூன்று, தன் வீட்டுச் சொல்லில் சொல்லட்டும். பிடித்ததா இல்லையா என்று ஒரு வரி. பிரித்துச் சொல்ல முடியாத மணம் ஒன்று மிஞ்சினால், பிரிக்க முடியவில்லை என்று எழுதட்டும். ஐலாவில் சதுப்பு மண்ணைக் குனிந்து வெட்டிய கைகளுக்கும், சூளையின் முன்னால் கண் எரிய நின்றவர்களுக்கும் நாம் செய்யக்கூடிய மரியாதை அவ்வளவுதான். ஓர் அங்குலம் சேர இருபத்தைந்து வருஷம் பிடிக்கிற மண்ணை எரித்து உண்டாக்கிய புகை அது. அதைக் கோப்பையில் வாங்கிக்கொண்டு, மோந்து பாராமலே வர்ணிக்கிறவருக்கு அந்தப் புட்டி எதற்கு? அச்சடித்த குறிப்பையே மோந்துகொண்டிருக்கலாமே. செலவும் மிச்சம்.